ஐப்பசி பிறந்தால் நான் வேலைக்கு வரமாட்டேன்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு மாற்றுவது, ஆத்தங்குடி தரைக்கல் பதிப்பது, இவைதான் முக்கியமான வேலை. சில மாதம் சேர்ந்தாற்போல இரண்டு வீடு ஓடும், சில மாதம் ஒன்றுகூட ஓடாது. என்னிடம் மூன்று கொத்தனார், ஐந்து சித்தாள், மொத்தம் எட்டுப் பேர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் கையில் வாரச் சம்பளம் இருக்க வேண்டும், அது 40,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். வீட்டுக்காரர்களிடமிருந்து பணம் வந்ததா வரவில்லையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, லீவு லெட்டர் எழுதிக் கொடுக்க மேலே ஒருவரும் கிடையாது.

போன வருஷம் எனக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். 47 நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் எடுக்கிற ஒருவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை வாங்கிச் செய்கிற ஒரு தம்பி, இன்னும் இரண்டு பேர், "எப்படிண்ணே முடிஞ்சது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் போனில் அரையும் குறையுமாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

பெரியவள் பிறந்தபோது நான் இல்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம், என் மனைவியைத் திருப்பத்தூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு ஏழாம் மாதமே அனுப்பியாகிவிட்டது. வலி வந்துவிட்டது என்று போன் வந்த அன்று ஒரு புது வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட். மிக்ஸர் வந்து நிற்கிறது, ஆள் முப்பது பேர் நிற்கிறார்கள், பாதியில் விட முடியாது என்று நின்றேன். மறுநாள் தண்ணீர் கட்ட வேண்டும் என்று நின்றேன். மூன்றாம் நாள்தான் போனேன். அப்புறம் ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வந்தேன், பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, விருந்தாளி மாதிரி. பெரியவளை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது நான் தூக்கினால் அழுவாள். என்னிடம் தூங்க ஆரம்பிக்க இரண்டு வயது ஆனது. இதை நான் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை, ஆனால் ஒரு நாள்கூட மறந்ததும் இல்லை.

இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டில் என்று முடிவானது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, எங்கள் அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி, ராத்திரி எழுந்து உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. அப்படியானால் ராத்திரிக்கு யார்? நான்தான். கணக்கு அவ்வளவு எளிது.

சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் ஆடிட்டரைக் கேட்டேன். மத்திய அரசு வேலையில் இருக்கும் ஆணுக்கு 15 நாள் உண்டு. மகப்பேறு நலச் சட்டம் என்று 1961இல் வந்தது பெண்களுக்கானது, அதை 2017இல் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள், அதுவும் பத்துப் பேராவது வேலை செய்கிற இடம் என்றால். என்னைப் போன்றவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. "நீங்க லீவு எடுத்தாலும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு லீவு இல்ல தம்பி, பில்லே போடலைன்னாலும் நில் ரிட்டர்ன் போடணும், விட்டா நாளைக்கு 20 ரூபாய் ஏறும்" என்றார். அதை மட்டும் அவர் தலையில் கட்டிவிட்டு வந்தேன். என் லீவை நானேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்போது எங்கள் கையில் இருந்தது கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீடு. நான்கு பங்காளிகள். மூன்று பேர் வெளியூரில், வீட்டில் இருப்பது எண்பது வயது தாண்டிய ஒரு ஆச்சி மட்டும். மாசியில் அந்த வீட்டில் ஒரு சாந்தி, அறுபதாங்கல்யாணம், அதற்குள் முடிக்க வேண்டும் என்பது பேச்சு. பணம் அனுப்புவது சென்னையில் இருக்கிற பங்காளி என்றாலும் ஆச்சியிடம் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு ஓடு நகராது.

எனக்குச் சொல்ல நான்கு நாள் ஆனது. காலையில் போவேன், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், ஓட்டைப் பற்றியும் மழைத்தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசிவிட்டு வந்துவிடுவேன். பயம்தான். வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம், அதைவிட, ஆண்பிள்ளை இதற்கு ஒரு லீவா என்று நினைப்பார்கள் என்ற கூச்சம். ஐந்தாம் நாள் சொன்னேன். "ஆச்சி, ஐப்பசி பிறந்தா நான் ஆறு வாரம் வேலைக்கு வரமாட்டேன். வீட்ல ரெண்டாவது பிள்ளை பிறக்கப்போகுது. வேலை நிக்காது, பெரிய கொத்தனார் பார்த்துக்குவாரு. நான் மட்டும் வரமாட்டேன்."

ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் பர்மாத் தேக்குத் தூண். "எங்க அப்பச்சி (அப்பா) மலாயாவில இருந்தாக. நான் பிறந்து மூணு வருஷம் கழிச்சுத்தான் வந்தாக. இந்தத் தூணுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டேனாம், யாரோ வந்திருக்காகன்னு." அவ்வளவுதான் சொன்னார்கள். அப்புறம், "வெளிப்பூச்சை மழைக்கு முன்னாடி முடிச்சுரு" என்றார்கள்.

இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போனவர்கள் மூன்று வருஷக் கணக்கில் போவார்கள், குடும்பம் ஊரில் இருக்கும், கணக்கு முடிந்து வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறுவார்கள். அந்தப் பணத்தில் எழுந்த வீடுகள்தான் நான் இன்றைக்குப் பூசிக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு வளவிலும் எத்தனை குழந்தைகள் அப்பச்சி முகம் தெரியாமல் தவழ்ந்திருக்கும். அந்த வீடுகளின் அழகைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் மயங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், ஆனால் ஆச்சி சொன்ன பிறகு அந்தத் தூண்களை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

சரி, பணம். ஏற்கெனவே ஒரு சீட்டு போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு முறை கையிறுக்கம் வந்தது, ஏலத்தில் எடுத்துவிடலாமா என்று தோன்றியது, எடுக்காமல் தள்ளினேன். கடைசிக்குப் பக்கத்தில் எடுத்தால் தள்ளுபடி குறைவு, முழுசாகக் கையில் வரும். அந்தப் பணம்தான் ஆஸ்பத்திரிக்கும் இரண்டு மாத வீட்டுச் செலவுக்கும். வாரச் சம்பளத்துக்கு வேறு வழி செய்தேன். சென்னைப் பங்காளியிடம் பேசி, மொத்தமாக வேலை முடிந்தால் இவ்வளவு என்று இருந்ததைப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பணம் என்று மாற்றிக்கொண்டேன். அவர் என்ன நினைத்தாரோ, ஒத்துக்கொண்டார். எனக்கு ஒன்று மட்டும் உறைக்கவில்லை, தீபாவளி நடுவில் வருகிறது என்பது. எட்டுப் பேருக்கும் ஒரு வாரச் சம்பளம் போனஸ், துணி, இனிப்பு. அதற்கு என் மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போனது, தையில் மீட்டோம். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். தேவகோட்டையில் ஒரு வீட்டை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இப்போது முடியாது என்றேன், அந்த வேலை வேறு ஆளுக்குப் போனது. மூன்று மாத வேலை. அது வலித்தது.

என் தொழிலில் ஒரு வசதி உண்டு. சிமெண்ட் வேலை ஆளை அவசரப்படுத்தும், சுண்ணாம்பு அவசரப்படவே விடாது. நீற்றிய சுண்ணாம்பு குழியில் ஊற வேண்டும், நாள் கூடக்கூட நல்லது. கடுக்காயும் வெல்லமும் தனியாக ஊற வேண்டும். முதல் பூச்சு பூசினால் அது காற்றை வாங்கி மெள்ள இறுகும் வரை அடுத்ததைத் தொடக்கூடாது. வெயிலில் சடக்கென்று காய்ந்தால் வெடித்துவிடும், அதனால் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த நைஸான பூச்சு, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது. ஆறு வாரத்தில் நான் நேரில் நின்றே ஆக வேண்டிய நாள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். கடைசிப் பூச்சு நாட்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் காத்திருக்கும் நாள். அதனால் ஆவணியிலேயே வெளிப்பூச்சையும் ஓட்டையும் முடித்துவிட்டு, ஆத்தங்குடி கல்லுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து (மழை பிடித்துவிட்டால் அந்தக் கல் காய நாளாகும், சூளையில் சுடுகிற கல் இல்லை அது), அடைமழைக் காலத்துக்கு உள்வேலையை மட்டும் வைத்தேன். கல் பதிப்பது பெரிய கொத்தனாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். பளபளப்பு ஏற்றும் வேலையைக் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளினேன்.

நான் திட்டம் போட்டது 45 நாள். ஏன் அத்தனை நாள் என்று கேட்டார்கள். ஒன்றரை மாத ஊசிக்காக. பிறந்தவுடன் போடும் ஊசிக்குப் பிறகு அடுத்தது அதுதான், பெண்டா (ஐந்து நோய்த் தடுப்பு) ஊசியோடு வேறு ஊசியும் சேர்த்து இரண்டு தொடையிலும் குத்துவார்கள், வாயில் சொட்டு மருந்து, அன்றைக்கு ராத்திரி காய்ச்சல் வரும், குழந்தை நசநசவென்று அழும். அந்த ராத்திரி வரைக்குமாவது இருந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி பிறந்தால் வரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன், பிள்ளை புரட்டாசிக் கடைசியிலேயே பிறந்துவிட்டாள், ஒன்பது நாள் முன்னதாக. அன்று காலை நான் சைட்டில் இருந்தேன். சாரத்திலிருந்து இறங்கி, கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கழுவாமல் கிளம்பினேன். நர்ஸ் குழந்தையை நீட்டியபோது கையை நீட்ட முடியவில்லை. பாத்ரூமுக்கு ஓடிப் போய் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து வாங்கினேன். இந்தத் தடவை நான் அங்கே இருந்தேன்.

தொட்டில் கட்ட கூடத்தில் ஒரு கொக்கி உண்டு, பெரியவளுக்குக் கட்டியது. அம்மா தன்னுடைய பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கொடுத்தார்கள், முப்பது வருஷம் துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆன பருத்தி. கட்டுவதற்கு முன் அந்தக் கொக்கியில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். மனைவி படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஏணி போட்டு ஏறி, கொக்கியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. அதற்கப்புறம்தான் சேலையைக் கட்டினேன்.

வெளியே மழை பிடித்துவிட்டது. துணி காயவில்லை. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து துணி, அடுப்படியில் கயிறு கட்டி, கூடத்தில் கயிறு கட்டி, வீடே துணிக்கடை போல இருந்தது. சாம்பிராணிப் புகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவேன். குளிக்க ஊற்றுவது அம்மா, வெந்நீர் விளாவுவது நான். "கையை விடாதே, காய்ச்சுப் போன கை, அதுக்குச் சூடு தெரியாது. முழங்கையை விட்டுப் பாரு" என்றார்கள். சரிதான், இருபது வருஷம் சுண்ணாம்பில் கிடந்த கைக்கு என்ன தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே கூடத்தில் நடப்பேன். மனைவி அந்த ஒன்றரை மணி நேரம் அசந்து தூங்குவாள். பச்சை உடம்பு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரிகிறது. முதல் தடவை அவள் இதையெல்லாம் எப்படிக் கடந்தாள் என்று நான் கேட்டதே இல்லை. இந்தத் தடவை கேட்டேன். மெதுவாக, பல ராத்திரிகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

பெரியவளுக்கும் இதில் ஒரு லாபம். காலையில் சடை பின்னிப் பள்ளிக்கூடத்தில் விட்டது நான்தான். முதல் வாரம் சடை கோணலாகத்தான் வந்தது. மூன்றாவது வாரம் அவளே தன் டீச்சரிடம், எங்க அப்பா பின்னினது என்று சொன்னாளாம்.

நான்காவது வாரம் பெரிய கொத்தனாரிடமிருந்து போன். "தம்பி, கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். இரண்டாங்கட்டுச் சுவரில் அடிப்பூச்சு முழுசாக இறுகுவதற்கு முன்னால் மேல்பூச்சைப் போட்டிருக்கிறார்கள், சொந்தக்காரர் ஒருவர் வந்து சீக்கிரம் சீக்கிரம் என்று நின்றாராம். மழை ஈரம் வேறு. இரண்டு நாளில் உப்பிக்கொண்டு உதிர ஆரம்பித்துவிட்டது, எண்பது சதுர அடி இருக்கும். போய்ப் பார்க்க ஒரு மணி நேரம் என்று கிளம்பினேன், வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். போட்டோ அனுப்பச் சொன்னேன். அவர் மீது கோபம் வரவில்லை, ஏனென்றால் தப்பு என்னுடையது. அடிப்பூச்சு தயாராகிவிட்டதா என்று நான் பெருவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்பேன், தடம் விழுந்தால் இன்னும் நாளாகும். பதினைந்து வருஷமாக இதை நான்தான் செய்துவந்தேன், எந்தச் சுவருக்கும் கடைசியில் நகம் வைத்துச் சரி என்று சொல்வது நான். அதை யாருக்கும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. ஆறு வாரத்துக்கு என்னென்ன வேலை என்று நோட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன், அதில் இந்த ஒரு வரி இல்லை. என் விரல் தெரிந்துவைத்திருந்தது, எனக்கே அது ஒரு விஷயம் என்று தெரியவில்லை. உதிர்ந்ததைக் கொத்திவிட்டு மறுபடி பூசும் செலவு என்னுடையது என்று ஆச்சிக்கும் சென்னைக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். போனில் வீடியோ போட்டு மூன்று கொத்தனார்களுக்கும் நகம் வைக்கும் இடத்தையும் அழுத்தத்தையும் காட்டினேன், ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுச் சுவரிலேயே. லீவு எடுக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யோசிக்காமல் கை தானாகச் செய்கிற காரியங்களை முதலில் எழுதுங்கள், யோசித்துச் செய்பவற்றை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

ஊசி போட்ட அன்று ராத்திரி எதிர்பார்த்தபடியே காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கூடுதலாக இருந்தேன். 48ஆம் நாள் காலை சைட்டுக்குப் போனேன்.

போனதும் முதலில் கண்ணில் பட்டது வேப்பமரத்துக் கிளையில் ஒரு தொட்டில். எங்கள் சித்தாள் ஒருத்தியின் பிள்ளை, ஐந்து மாதம். அது புதுசு இல்லை, இரண்டு மாதமாக அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது, நானும் லீவுக்கு முன்னால் தினம் அதைக் கடந்துதான் போய் வந்திருக்கிறேன். மூன்றாம் மாதமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள், வராவிட்டால் கூலி இல்லை. கல் சுமந்துவிட்டு இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். 47 நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்த எனக்கு அன்றைக்கு அந்தத் தொட்டிலைப் பார்க்க முடியவில்லை. எனக்கு லீவு கொடுக்க மேலே யாரும் இல்லை என்று இத்தனை நாள் புலம்பினேனே, இந்த எட்டுப் பேருக்கு மேலே இருப்பது நான்தானே. பத்துப் பேர் இல்லை என்பதால் சட்டம் என் வாசலுக்கு வராது. அதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அவளிடம் கேட்டால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவே செய்யவில்லை என்றாள். பதிந்திருந்தால் பேறுகால உதவிக்கு மனுப் போட்டிருக்கலாம். இப்போது எங்களிடம் வேலை செய்கிற எல்லோருக்கும் பதிவு செய்துவிட்டோம், ஒரு நாள் முழுக்க அதற்கே போனது, அந்த நாள் கூலியையும் கொடுத்தேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு கொடுக்கிற 18,000 ரூபாய் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது, வாங்கியும் இருக்கிறாள், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தவணையில் வருவது. (அந்த அம்மா பிறந்தது நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையில்தான்.) அது பெரிய உதவி, ஆனால் அதை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் வேலைக்கு வராமல் இருக்க முடியும்?

இந்த வருஷம் இன்னொரு சித்தாளுக்குத் தையில் பிரசவம். இப்போதே அவளைச் சுமை வேலையிலிருந்து எடுத்து, கல் துடைத்து அடுக்கும் வேலையில் விட்டிருக்கிறேன். பிள்ளை பிறந்தால் 12 வாரம் வீட்டில் இருக்க வேண்டும், பாதிக்கூலி வாரா வாரம் வீட்டுக்கு வரும் என்று சொன்னேன். ஒரு நாள் கூலி 650, வாரத்துக்கு ஆறு நாள், அதில் பாதி 1,950. 12 வாரத்துக்கு 23,400 ரூபாய். அதை என் கையிலிருந்து ஒரு தடவை கொடுத்துவிடலாம், ஒவ்வொரு தடவையும் முடியுமா என்று யோசித்தேன். அதனால் போன வாரம் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில், சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டை, சாரம், கூலி என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'சித்தாள் பிரசவ விடுப்பு, 12 வாரம், ரூ. 23,400.'

முந்தாநாள் அந்த வீட்டுப் பங்காளி ஒருவர் போன் செய்தார். எல்லா வரியையும் கேட்டுவிட்டு, "கடைசியில இது என்ன தம்பி, புதுசா இருக்கே?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மத்த ரெண்டு பங்கையும் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அவர்கள் என்ன சொன்னாலும் அவளுக்குச் சொன்னது சொன்னதுதான், அந்த வரியையும் அடிக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.